ரன்ஃபிளாட்டா, சாதா டயரா? புதிதாக யோசிப்பவர்களுக்கு

செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் கார் வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி இல்லை, ஸ்டெப்னி வைக்கிற அளவுக்குக் குழியும் இல்லை. விற்றவருக்கு போன் போட்டால் "சார், அது ரன்ஃபிளாட், பஞ்சர் ஆனாலும் ஓடும்" என்பார். நானும் அந்தப் பதிலில் திருப்திப்பட்டு போனை வைத்தவன்தான். என்னுடையது பத்து வருடப் பழைய பிஎம்டபிள்யூ 320டி. டயர் அளவு 225/50 ஆர்17. வாங்கி நான்கு மாதம் கழித்து ஒரு ராத்திரி திருச்சி போகும் வழியில்தான் "பஞ்சர் ஆனாலும் ஓடும்" என்பதில் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், அப்புறம் என்ன என்ற மூன்று கேள்வியையும் நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அந்தக் கதை கீழே வருகிறது. அதற்கு முன் வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எது?

விற்றவர் சொன்னதை நம்ப வேண்டாம், டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். எல்லா நிறுவனமும் ஒரே எழுத்தைப் போடுவதில்லை என்பதுதான் தொல்லை. பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர், மிஷெலின் என்றால் இசட்பி, குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப் அல்லது பழைய டயர்களில் இஎம்டி, டன்லப் என்றால் டிஎஸ்எஸ்டி. பிஎம்டபிள்யூவுக்கென்று தயாரித்த டயரில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும், ஆனால் நட்சத்திரம் இருந்தால் ரன்ஃபிளாட் என்று அர்த்தமில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் டயரில் எம்ஓ என்றால் சாதா, எம்ஓஇ என்றால் ரன்ஃபிளாட். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

நான்கு டயரையும் பார்க்க வேண்டும். பழைய ஓனர் ஏதோ ஒரு அவசரத்தில் ஒன்றை மட்டும் சாதா டயராக மாற்றியிருப்பார், சொல்லியிருக்க மாட்டார். அப்படியே பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பார்த்துவிடுங்கள்: 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் (சாலையில் பதியும் பக்கத்து ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறது, மொட்டை ஆகவில்லை என்பதற்காகப் பழைய டயர் நல்ல டயர் ஆகிவிடாது. ரப்பர் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டால் சாதா டயரே ரன்ஃபிளாட் மாதிரி இடிக்கும்.

ஏன் இடிக்கிறது

சாதா டயரை ரிம்மிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துப் பக்கச் சுவரை அழுத்திப் பாருங்கள், மடங்கும். வண்டியின் எடையைத் தாங்குவது அந்த ரப்பர் இல்லை, உள்ளே அடைத்த காற்று. ரன்ஃபிளாட்டில் பக்கச் சுவருக்குள்ளேயே கூடுதலாக ஒரு தடித்த ரப்பர் அடுக்கு வைத்திருப்பார்கள். காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவர் கால் ஊன்றி நிற்கும், ரிம் தரையைத் தொடாது. 1994-ல் செவர்லே கார்வெட்டில் கூடுதல் காசுக்குக் கிடைத்த சமாசாரம், 1997-ல் வந்த அடுத்த தலைமுறை கார்வெட்டில் வண்டியோடே வந்தது, ஸ்டெப்னியை எடுத்தே விட்டார்கள். பிஎம்டபிள்யூ 2000-களின் தொடக்கத்திலிருந்து வரிசையாகத் தன் கார்களுக்கு இதைப் போட்டது.

சரி, காற்று இருக்கும்போது அந்தத் தடித்த சுவர் என்ன செய்யும்? சும்மா இருக்காது. கயிற்றுக் கட்டிலில் கயிற்றுக்கு அடியில் ஒரு பலகையை முட்டுக்கொடுத்து வைத்தது மாதிரி. டயர் அமுங்கி விழுங்க வேண்டிய சின்னச் சின்ன அதிர்ச்சியை அப்படியே மேலே அனுப்பும். போதாக்குறைக்கு டயரும் ஒன்றிரண்டு கிலோ கனம் கூடுதல். சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கிற எடை கூடினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதை அடக்கச் சிரமப்படும்.

இதில் ஒரு விஷயத்தைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. எல்லா மேடு பள்ளத்திலும் ரன்ஃபிளாட் மோசமில்லை. நெடுஞ்சாலையில் நீளமாக ஏறி இறங்குகிற அலை மாதிரியான மேட்டில் வித்தியாசமே தெரியாது, அது சஸ்பென்ஷன் வேலை. பெரிய வட்டமான வேகத்தடையிலும் அப்படித்தான். இடிப்பது எங்கே என்றால் கூரான விளிம்பில்: மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு, சாலை மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இறங்கிய பாதாளச் சாக்கடை மூடி, குடிநீர் வாரியம் தோண்டி மூடிய ஒட்டு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அடுக்கடுக்காகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டை. அதுவும் 20, 30 கிமீ வேகத்தில்தான் அதிகமாகத் தெரியும். நாள் முழுக்க ஊருக்குள் ஓட்டுபவர் திட்டுவதும், வாரக் கடைசியில் மட்டும் ஹைவேயில் பறப்பவர் "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பதும் இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தால் இடிக்கும் இடம் வருவதற்கு முன்பே அவர் கை கதவுக்கு மேலே இருக்கிற பிடிக்குப் போய்விடும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்தக் கை எத்தனை தடவை மேலே போகிறது என்று எண்ணினால் போதும், எந்த விமர்சன வீடியோவும் வேண்டாம்.

டயரைத் திட்டும் முன் காற்றைப் பாருங்கள்

டயர் மாற்றப் பணம் ஒதுக்குவதற்கு முன் செலவில்லாத வேலை இது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, இரண்டு பேர் போனால் எவ்வளவு, முழுக் குடும்பமும் சாமானும் ஏறினால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது அடிக்க வேண்டியது. காலையில் வண்டியை எடுத்ததும் பக்கத்தில் இருக்கிற பங்க்கில் அடிப்பதுதான் சரி. நாற்பது கிலோமீட்டர் வெயிலில் ஓட்டிப் போய் அடித்தால் மீட்டர் கூடக் காட்டும், உடனே "காற்று ஜாஸ்தியா இருக்கு" என்று இறக்கிவிடாதீர்கள்.

காற்றுப் பிடிக்கும் இடத்தில் நிற்கிற பையனுக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். "35 போடவா சார்?" என்பான், சரி என்றால் மீட்டர் 38-ல் நிற்கும். சாதா டயரில் இந்தக் கூடுதல் பிஎஸ்ஐ பெரிதாகத் தெரியாமல் போகலாம். ரன்ஃபிளாட்டில் ஏற்கெனவே சுவர் கெட்டி, அதில் காற்றும் கூடினால் கல் மாதிரி ஆகிவிடும். நான் முதல் மாதம் முழுக்கத் திட்டியதில் பாதி டயரின் தப்பு இல்லை, அந்த 38-ன் தப்பு. முந்நூறு, நானூறு ரூபாயில் ஒரு காற்று மீட்டர் வாங்கி டேஷ்போர்டுக்குள் போட்டு வையுங்கள். நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று ஆகுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மிச்சத்துக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம்.

அடுத்து ரிம் அளவு. இதைப் பலர் டயர் ரகத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 225/50 ஆர்17 என்றால் டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், அதாவது 112 மில்லிமீட்டர் சொச்சம். அதே காருக்கு அழகாக இருக்கிறது என்று 18 அங்குல ரிம் போட்டு 225/45 வாங்கினால் சுவர் 101 மில்லிமீட்டர். 19 அங்குலத்தில் 225/40 என்றால் 90. வெளியே சுற்றளவு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே அமுங்க இருக்கும் ரப்பர் மட்டும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. ஆகவே 19 அங்குல ரிம்மில் சாதா டயர் போட்டுவிட்டு "ரன்ஃபிளாட்டை எடுத்தும் இடிக்கிறதே" என்று புலம்பினால் யார் என்ன செய்ய முடியும். சொகுசுதான் முக்கியம் என்றால் அந்தக் காருக்கு நிறுவனமே கொடுத்த மிகச் சிறிய ரிம்முக்குத் திரும்புவதுதான் முதல் மருந்து. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் வளைவதும், பக்கச் சுவரில் முட்டை மாதிரி வீங்குவதும்கூட அதோடு குறையும். வீக்கம் வந்த டயரை, எந்த ரகமானாலும், ஒட்டு போட்டு ஓட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

பஞ்சர் ஆனால் என்ன நடக்கும்

இப்போது அந்த ராத்திரி. தொழுதூர் தாண்டியிருப்போம், பத்து மணி இருக்கும், டேஷ்போர்டில் டயர் படம் சிவப்பாக எரிந்தது. ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. ஓரமாக நிறுத்தி போன் வெளிச்சத்தில் நான்கு டயரையும் பார்த்தேன், நான்கும் நன்றாகத்தான் நின்றன. ரன்ஃபிளாட்டில் இதுதான் முதல் பாடம்: காற்று போனது கண்ணுக்குத் தெரியாது. விளக்கு ஏதோ தப்பாக எரிகிறது என்று நினைத்து ரீசெட் அடித்துவிட்டு 110-ல் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வேளை, அன்று நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்யவில்லை.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேகத்தை மெதுவாக 80-க்குக் கீழே கொண்டுவாருங்கள், 60 என்றால் இன்னும் நல்லது. திடீர் பிரேக், வளைவில் வீச்சு, பள்ளம் எதுவும் வேண்டாம். கிலோமீட்டர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக நிறுவனங்கள் சொல்வது மணிக்கு 80 கிமீ வேகத்துக்கு மேல் போகாமல் 80 கிமீ தூரம். அந்த 80 ஒரு வாக்குறுதி இல்லை, நல்ல நிலைமையில் கிடைப்பது. காற்றில்லாத டயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது, அதில் சூடு ஏறுகிறது, சூடு ஏற ஏற ரப்பர் பிரிகிறது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், மே மாதத்துத் தார்ச்சாலை என்றால் 80 எங்கே, 50-ஐத் தாண்டினாலே அதிர்ஷ்டம் என்றுதான் கணக்குப் போடுவேன். ஆணி குத்தியதற்குத்தான் இதெல்லாம். கல் கிழித்துப் பக்கச் சுவரே பிளந்திருந்தால் ரன்ஃபிளாட்டும் சாதா டயரும் ஒன்றுதான், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

நாங்கள் பெரம்பலூர் வந்து சேர்ந்தபோது மீட்டரில் 25 கிலோமீட்டர் ஏறியிருந்தது. திருச்சி இன்னும் 60. கூட்டினால் 85. அப்பா "அஞ்சு கிலோமீட்டர்தானடா ஜாஸ்தி, போயிடலாம்" என்றார். கணக்கு அப்படி வேலை செய்யாது என்று அவரைச் சமாதானப்படுத்தி லாட்ஜில் தங்கினோம். காலையில் ஒரு டயர் கடை.

கடைக்காரர் டயரைச் சுற்றி வந்து காலால் ஒரு உதை விட்டார். "எங்க சார் காத்து போயிருக்கு? நல்லாத்தானே நிக்குது." மீட்டரை வைத்துப் பாருங்கண்ணே என்றேன். வைத்தார், பூஜ்யம். "அட" என்று இன்னொரு மீட்டர் எடுத்து வைத்தார், அதிலும் பூஜ்யம். அப்புறம் உட்கார்ந்து கையால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். டயரை ரிம்மிலிருந்து எடுக்க அவர்கள் இரண்டு பேரும் மெஷினோடு பட்ட பாடு தனிக்கதை. சாதா டயரைப் பிரிக்கிற மெஷினில் ரன்ஃபிளாட்டைப் பிரிக்கலாம், ஆனால் சுவரை அழுத்திப் பிடிக்கத் துணைக் கை உள்ள மெஷின் இல்லாவிட்டால் ஓரம் கிழிவதற்கோ ரிம் கீறுவதற்கோ வாய்ப்பு அதிகம். சாலையோரத்தில் கடப்பாரை வைத்து நெம்புகிற கடையில் இதைக் கொடுக்கவே கூடாது.

டயரைத் திறந்ததும் உள்ளே கறுப்பாக மாவு மாதிரி கொட்டியது. பக்கச் சுவர் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட தூள். உள்பக்கத்தில் சுற்றிலும் ஒரு சுருக்கக் கோடு. ஆணி இருந்தது நடுப்பட்டனில்தான், ஓட்டையில் ரப்பர் குச்சி சொருகி அடைத்தால் ஐந்து நிமிட வேலை, ஆனாலும் அந்தத் தூளைப் பார்த்த பிறகு அந்த டயரை நம்பி யாரும் குடும்பத்தை ஏற்றக் கூடாது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்: காற்று குறையத் தொடங்கும்போதே நிறுத்திப் பிடித்திருந்தால் சில நிறுவனங்கள் தங்கள் ரன்ஃபிளாட்டை உள்பக்கம் சோதித்து ஒட்ட அனுமதிக்கின்றன. பூஜ்யத்தில் ஓட்டியிருந்தால் தூக்கிப் போடுவதே வழக்கம். அதாவது அது எதற்காக இருக்கிறதோ அதைச் செய்த உடனே அதன் ஆயுள் முடிந்தது.

திருச்சியில் விசாரித்தால் அந்த அளவில் சாதா டயர் இருந்தது, ரன்ஃபிளாட் சென்னையிலிருந்து வர இரண்டு நாள். பெரம்பலூரில் எதுவுமே இல்லை. மைத்துனன் திருச்சியிலிருந்து ஒரு சாதா டயரை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று ரன்ஃபிளாட், ஒரு சாதா, ஒரே அச்சில் இரண்டு ரகம். செய்யக் கூடாத காரியம், ஊர் வந்து சேர்கிற வரைக்கும் என்று மெதுவாக ஓட்டினேன். பிரேக் அடித்தால் வண்டி லேசாக ஒரு பக்கம் நெளிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

உங்களுக்கு எது: இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்

நம் ஊரில் சாதா டயருக்குப் பெரிய பலம் பஞ்சர் கடைகள். தமிழ்நாட்டில் எந்தச் சாலையில் நின்றாலும் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு கடை, பழைய டயரைக் கம்பத்தில் மாட்டி வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ராத்திரியும் திறந்து இருக்கும். நூறு, இருநூறு ரூபாயில் வேலை முடியும். ரன்ஃபிளாட்டுக்கு இந்த வசதி அப்படியே போய்விடுகிறது. அது உங்களைப் பஞ்சர் கடை வரை கொண்டுவந்து விடும், அங்கே அந்த அளவுக்கு டயர் இருக்காது. ஆக, 80 கிலோமீட்டருக்குள் உங்கள் டயர் அளவு ஸ்டாக் இருக்கும் கடை உள்ள வட்டாரத்திலேயே நீங்கள் பெரும்பாலும் ஓட்டுகிறீர்களா? சென்னை, கோவை மாதிரி ஊரைச் சுற்றி என்றால் ஆம். அப்படியானால் ரன்ஃபிளாட் தன் வேலையை முழுசாகச் செய்யும்.

தனியாக ராத்திரியில் ஓட்டுபவரா? வயதானவரா, முட்டிவலியா, சக்கரம் மாற்றக் குனிய முடியாதா? கைக்குழந்தையோடு போகிறீர்களா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நான் ரன்ஃபிளாட்டைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். அன்று தொழுதூர் இருட்டில் லாரிகள் சீறிப் போகும் ஓரத்தில் அப்பாவை இறக்கி நிறுத்தி வைத்துக்கொண்டு ஜாக்கி போடாமல் தப்பித்தது ரன்ஃபிளாட்டால்தான், அதை நான் மறக்கவில்லை. வேகமாகப் போகும்போது திடீரென்று காற்று போனாலும் வண்டி கையை விட்டுப் போகாது என்பதும் சின்ன விஷயம் இல்லை.

மற்றபடி பகலில், பெரும்பாலும் ஊருக்குள், அல்லது ஹைவேயில் இரண்டு பெரியவர்களாகப் போகிறவர்கள், தினமும் இடியை வாங்கிக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பஞ்சருக்காகக் காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பணமும் பாருங்கள்: எனக்குக் கிடைத்த விலைகளில் அதே அளவு, அதே தரத்துக்கு ரன்ஃபிளாட் கால் பங்கிலிருந்து பாதி வரை கூடுதல், அதோடு ஒரு ஆணிக்கு ஒரு டயர் என்று போனால் இரண்டு வருடத்தில் பெரிய தொகை. இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும், புதிதாக வரும் ரன்ஃபிளாட்கள் பழையவை மாதிரி அவ்வளவு முரடு இல்லை. 2008 கார் ஓட்டியவர் சொன்னதை வைத்து இன்றைய டயரை எடை போடாதீர்கள், முடிந்தால் அந்த டயர் போட்ட வண்டியில் உங்கள் தெருவிலேயே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். காசு முடையென்றால் பட்டன் தேயும் வரை ஓட்டிவிட்டு நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பாதிப் பாதி வேண்டாம். அளவு மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் குறையக் கூடாது. என் டயரில் 94 டபிள்யூ: 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிமீ. நாம் 270-ல் போகப் போவதில்லைதான், இருந்தாலும் எடை எண்ணில் மட்டும் ஒரு புள்ளிகூட இறங்காதீர்கள். கடைக்காரர் "91 இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்பார், ஸ்டாக்கைத் தள்ள அவருக்கு வழி வேண்டும்.

மாற்றியதும் முதல் வாரம் வண்டி கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல. சுவர் இளகியதால் வருவது, பழகிவிடும். வேகமாக வளைவில் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு இதுவே குறையாகத் தெரியலாம். எனக்கு அப்பாவின் கை கதவுப் பிடிக்குப் போகாததே போதுமாக இருந்தது. முழுக்கப் போகவில்லை என்று சொல்ல முடியாது, தாம்பரம் பக்கம் ஒரு மேம்பாலத்தில் மட்டும் இன்னும் போகிறது.

காற்றுக் குறைவைச் சொல்லும் விளக்கு சாதா டயரிலும் வேலை செய்யும், அதைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். அதில் இரண்டு வகை: ரிம்முக்குள் பேட்டரியோடு உட்கார்ந்து அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று, பிரேக்குக்கான ஏபிஎஸ் சென்சாரை வைத்து எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து ஊகிப்பது இன்னொன்று. இரண்டாவது வகைக்கு டயர் மாற்றினாலும் காற்று அடித்தாலும் மெனுவில் போய் ரீசெட் கொடுக்க வேண்டும், அதுவும் நான்கிலும் சரியான அளவு அடித்த பிறகு. குறைந்த காற்றோடு ரீசெட் அடித்தால் அது அதையே சரி என்று கற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். முதல் வகை என்றால் டயர் பிரிக்கும் பையனிடம் வால்வுக்கு அடியில் சென்சார் இருக்கிறது என்று முன்பே சொல்லுங்கள், நெம்புகோல் பட்டால் உடையும்.

இப்போது ஸ்டெப்னி. (இந்தச் சொல் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அங்கே 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்த ஊருக்கு வெளியே பலருக்கு மறந்துபோன பெயர், நம் ஊர் லாரி ஷெட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது.) ரன்ஃபிளாட்டை எடுத்துவிட்டு மாற்றுச் சக்கரமும் இல்லாமல், பஞ்சர் ரிப்பேர் கிட்டும் இல்லாமல் ஊரைத் தாண்டாதீர்கள். மூன்று வழி உண்டு. அந்தக் காருக்குப் பொருந்தும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியை வாங்கி டிக்கியில் பெல்ட் போட்டுக் கட்டுவது. கட்டாமல் படுக்கப் போட்டால் அடித்த பிரேக்கில் அதுவே பின் சீட்டை இடிக்கும். இடம் அடைக்கும், ஆனால் பக்கச் சுவர் கிழிந்தாலும் காப்பாற்றுவது இது ஒன்றுதான். அதில் 80-க்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். இரண்டாவது, பசை பாட்டிலும் 12 வோல்ட் காற்று மெஷினும். 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, டியூப்லெஸ் டயர், காற்று விளக்கு, இந்த மாதிரி ரிப்பேர் கிட் மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். புதுக் கார்கள் பலவற்றில் இது மட்டும்தான் வருகிறது. பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும், நம் வெயிலில் டிக்கியில் கிடந்து கெட்டியாகிப் போன பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பசையைப் போட்டால் அடுத்த பஞ்சர் கடைக்காரர் உங்களைச் சபிப்பார், உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது, நான் பெரும்பாலும் நம்பியிருப்பது: குச்சி சொருகும் கிட், ஒரு ஊசி, ஒரு துளைப்பான், கூடவே அதே காற்று மெஷின். ஆணி கண்ணுக்குத் தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றாமலேயே பத்து நிமிடத்தில் ஒட்டலாம். முதல் தடவை கை வலிக்கும், துளைப்பானைத் திருகி இறக்கத் தோளில் பலம் வேண்டும்.

ரன்ஃபிளாட்டுக்கும் சாதா டயருக்கும் நடுவிலும் சில சரக்கு இருக்கிறது. பட்டனுக்கு அடியில் உள்பக்கமாகப் பிசுபிசுப்பான அடுக்கு பூசிய டயர்கள்: கான்டிசீல், மிஷெலின் செல்ஃப்சீல், பைரெல்லி சீல் இன்சைட். ஆணி குத்தினால் பசை சுற்றிக்கொள்ளும், காற்று போகாது, பக்கச் சுவர் சாதா டயர் மாதிரி இளகியே இருக்கும். சுமார் 5 மில்லிமீட்டர் ஓட்டை வரை தாங்கும், கிழிசலுக்கு உதவாது. கேட்க இதுதான் சரியான விடை மாதிரி இருக்கிறது, உங்கள் அளவில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. எனக்குக் கிடைக்கவில்லை. எந்தப் புது ரகத்தையும் வாங்குமுன் உங்கள் ஊர்க் கடையால் அதைக் கழற்றி மாட்ட முடியுமா என்று கேளுங்கள். மிஷெலின் பாக்ஸ் (PAX) என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது, டயருக்குள் ஒரு வளையம், காற்று போனால் வண்டி அந்த வளையத்தின் மேல் நிற்கும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. தனி ரிம், தனி மெஷின், சாதாரணக் கடையில் கை வைக்க முடியாது என்றானதில் அது நிலைக்கவில்லை.

கடைசி வேலை, இதைத் தள்ளிப் போடாதீர்கள்: ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இந்த ஜெர்மன் கார்களில் பலவற்றில் நம் பழைய வண்டிகள் மாதிரி ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் சக்கரத்தை மாட்டிவிட்டு நட்டைப் போடுவது கிடையாது. போல்ட்டையே வெளியிலிருந்து முறுக்க வேண்டும். அதாவது இருபது கிலோ சக்கரத்தைப் பாதத்தில் முட்டுக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து, இன்னொரு கையால் முதல் போல்ட்டைத் திருக வேண்டும். பட்டப்பகலில், சமதரையில், மனைவி டார்ச் பிடிக்க அவசியமே இல்லாத வெளிச்சத்தில் எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதுவும் மூன்று சக்கரத்தில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான். நான்காவதில் ஒரு போல்ட் மட்டும் வித்தியாசமாகப் பூ மாதிரி தலையோடு இருந்தது, திருட்டுக்குப் பயந்து போடுகிற பூட்டு போல்ட். அதற்கான சாவியைப் பழைய ஓனர் கொடுக்கவே இல்லை, கேட்டதற்கு "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்றார்.